முதல் நாரை

புதுச்சேரியில் அமலோற்பவம் என்றொரு பெண்மணி இருந்தார். தரையில் ஆளுயரத்துக்கு நிற்கிற மின்விளக்குகளைச் செய்பவர். இளவயதில் பாரீசில் ஒரு விளக்குப் பட்டறையில் தொழில் கற்றுத் திரும்பி, பித்தளைக் குழாயை வளைத்து நாரை, கொக்கு, உள்ளான் என்று பறவைகளாக நிற்க வைத்தார். ஒரு காலத்தில் பெரிய ஹோட்டல்கள் போட்டி போட்டு வாங்கின. அப்புறம் மோஸ்தர் மாறியது. பறவைகள் குடோனுக்குப் போயின. இப்போது வெளிநாட்டில் அவற்றை ஏலம் கேட்கிறார்கள். எல்லாக் காலத்திலும் அமலோற்பவம் காலையில் எழுந்து பட்டறைக்குத்தான் போனார்.

அவருடைய சீடர் வைத்திலிங்கம் அவரைவிட வயதில் மூத்தவர். மின்துறையில் ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவர். வேலை கைக்குப் படிந்துவிட்டது. ஆனால் ஒரு விளக்கையும் அவரால் முடிக்க முடியவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் வளைப்பார், மறுபடி நிமிர்த்துவார். தூக்கத்தில் அந்த விளக்குகள் ஆழமில்லாத தண்ணீரில் மெல்ல நடந்துபோகும். எட்டிப் பிடிக்கப் போனால் இன்னும் தள்ளிப் போய் நிற்கும்.

ஒருநாள் மனம் விட்டுக் கேட்டார்.

"ஒரு விளக்கு முடிஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும், டீச்சர்?"

"நான் முதல்ல செஞ்ச நாரை எங்க இருக்குன்னு விசாரிங்க. போய்ப் பார்க்கலாம்."

அந்த நாரையை வைத்திலிங்கம் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். அது நிற்கிற நிற்பில் ஒரு குறையும் கிடையாது என்று நம்பினார். பழைய ஹோட்டல் ஆட்களைத் தேடித் தேடி விசாரித்ததில், காரைக்காலில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது.

இருவரும் ஒரு மாலையில் போனார்கள். வழியெல்லாம் தூறல். வயலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து, கார் எங்கும் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தது. அமலோற்பவம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தவள் பெயர் மைமூன். தையல் வேலை செய்பவள். உள்ளே, தரையில் விரித்த பாய்க்குப் பக்கத்தில் நாரை எரிந்துகொண்டிருந்தது. அதன் காலில் பாதிக்கு மேல் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது.

வைத்திலிங்கம் குனிந்து அறுபட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

மைமூன் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் கணவர் நாரை முன்பு இருந்த ஹோட்டலில் காவலாளியாக இருந்தவர். பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது இதைக் கேட்டு வாங்கி வந்தார். அவர் தவறிப்போனபிறகு அவள் தையலில் இறங்கினாள். பாயில் உட்கார்ந்து பாசிமணி கோத்துத் தைக்கிற வேலை. வெளிச்சம் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அதனால் தெருமுனை வெல்டிங் கடையில் கொடுத்து அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டாள்.

சொல்லி முடித்துவிட்டு அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"திருப்பிக் கேக்கவா வந்திருக்கீங்க?"

"இல்லம்மா."

வைத்திலிங்கம், வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அதை இரண்டு கல்தூணுக்கு நடுவே துணி காயப் போடக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து, மேல்துண்டால் ஈரத்தைத் துடைத்து, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அதற்குள் அமலோற்பவம் பாயில் உட்கார்ந்திருந்தார். மைமூன் மடியிலிருந்த துணியின் ஒரு முனை இவர் மடியிலும் கிடந்தது. நாரை இருவருக்கும் நடுவே கழுத்தைத் தாழ்த்தியிருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அமலோற்பவம் ஊசியைத் தூக்கிப் பிடித்தார். முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது.

"துண்டு கெடாம இருக்கு, டீச்சர்" என்றார் வைத்திலிங்கம். "பத்த வெச்சா தழும்புகூடத் தெரியாது. பழையபடி ஆக்கிடலாம்."

அமலோற்பவம் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மணியைக் கோத்தார். பிறகு நகர்ந்து, பாயில் கொஞ்சம் இடம் விட்டார்.

"உட்காருங்க, வைத்திலிங்கம். நின்னுக்கிட்டுப் பார்த்தா இது முடிஞ்சிடுச்சுன்னு தெரியாது."