கால் தரையில் பட்ட பிறகு

“டீச்சர், லூர்து மவுஸைத் தள்ளி விட்டுட்டா. இனிமே தொட மாட்டா போல.”

சொன்னவர் செபஸ்தியான். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் ஷாஹிதாவுக்கு அவருடைய மகள் வயதுகூட இருக்காது. தையல் கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள்.

லூர்து அவர் மனைவி. பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் மெல்ல அசையும். அவளுக்காகத்தான் மனிதர் இந்த வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

திரையில் வரிசையாகப் படங்கள். தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை, ஃபேன், நாற்காலி. மவுஸின் அம்பு எந்தப் படத்துக்குப் போனாலும் அது ஷாஹிதாவின் குரலில் பேசும்.

“ஏன், வேலை செய்யலையா?”

“பிரமாதமா செய்யுது. அழுத்தவே வேணாம், அம்பு பட்ட உடனே பேசிடும். பேசின உடனே நான் ஓடுவேன். தண்ணின்னா தண்ணி, மாத்திரைன்னா மாத்திரை. இதுக்கு மேல நான் என்ன செய்ய?”

அவர் மேஜை மேலிருந்த மவுஸைத் தள்ளி வைத்தார்.

“நேத்து அழுதுட்டா டீச்சர். என்கிட்ட ஒண்ணுமே சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டா.”

ஷாஹிதா மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நாற்காலிப் படத்துக்குப் போங்க ஐயா.”

போனார். வழியில் சொம்பு பேசியது.

“தண்ணி வேணும்.”

“நில்லுங்க. வீடா இருந்தா இப்போ நீங்க எங்க இருப்பீங்க?”

“அடுப்படியில.”

ஷாஹிதா சிரிக்கவில்லை.

“பஸ்ல ஒருத்தர் ஜன்னல் வழியா ஒரு ஊரை எட்டிப் பார்க்கிறார். உடனே விசில் அடிச்சு இறக்கி விட்டுடுவீங்களா?”

“அடிக்க வந்துடுவாங்க டீச்சர்.”

“படிக்கட்டுக்கே வந்து நின்னுட்டார்னா?”

“அதை நம்ப முடியாது. ஒரு காலைக் கீழ்ப்படியில வெச்சுட்டு, அடடா இந்த ஊர் இல்லன்னு திரும்ப ஏறுவாங்க.”

“அப்போ பஸ் கிளம்ப டபுள் விசில் எப்போ?”

“கால் தரையில பட்ட பிற…”

செபஸ்தியான் பாதியில் நிறுத்திக்கொண்டார். திரைப் பக்கம் திரும்பினார்.

“அப்போ விரலை எடுத்தாத்தான் இதுவும் பேசணும். ஆனா அவ கை நடுங்குமே. அழுத்து, விடுன்னு அவளைப் படுத்தணுமா?”

“மெதுவாத்தான் வருவாங்க. அவசரம் யாருக்கு ஐயா?”

செபஸ்தியான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

இப்போது அம்பு மேலே வந்தால் படத்தின் ஓரம் மட்டும் மஞ்சளாகும். அழுத்தினால் படம் முழுவதும் மஞ்சளாகும். விரலை எடுத்தால்தான் பேசும். அழுத்திய பிறகும் மனசு மாறினால், அப்படியே நகர்த்திக்கொண்டு போய்விடலாம். வாயே திறக்காது.

வீட்டில், லூர்துவின் கைக்குக் கீழே மவுஸைக் கொண்டுபோய் வைத்தார்.

“ஒரே ஒரு தடவை. எனக்காக.”

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவர் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, கை அசைந்தது.

சொம்பின் ஓரம் மஞ்சளானது. அவர் கால் தானாகக் கிளம்பியது. பிடித்து நிறுத்தினார்.

அம்பு சொம்பைக் கடந்தது. மாத்திரையைக் கடந்தது. ஃபேனையும் கடந்தது. இத்தனை நாளும் அவள் எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாற்காலியில் அம்பு நின்றது. விரல் அழுத்தியது. நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் காத்திருந்தார்.

விரல் எழுந்தது.

“உட்காரணும்.”

பாய்ந்து போய், அவளை நிமிர்த்தத் தலையணையைப் பிடித்தார்.

லூர்து தலையை ஆட்டினாள். வேண்டாம்.

அவள் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்துதான் இருந்தாள். அவள் பார்வை கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி மேல் இருந்தது. அவள் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அதில் அவருடைய துண்டுதான் காய்ந்துகொண்டிருக்கிறது.

செபஸ்தியான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்தார்.