அரியணைக்குப் பின்னால் ஒரு கதவு

புலவர்கள் ராஜாக்களின் தோளைப் பாடுவார்கள், வாளைப் பாடுவார்கள். வயிற்றைப் பாடுவதில்லை. பாடியிருந்தால் செங்குளக் கோட்டையை ஆண்ட கனகசிம்ம ராஜாவைப் பற்றி ஒரு காவியமே தேறியிருக்கும்.

பாவம், நல்ல மனிதர். ஆனால் சபை கூடினால் போதும், வயிறு பிசையும், முறுக்கும், கடமுடாவென்று உருளும். உடனே ஓட வேண்டும். ஆனால் ராஜா அப்படிச் சும்மா ஓடிவிட முடியுமா? அவர் எங்கே கிளம்பினாலும் சங்கு ஊத வேண்டும் என்பது அந்த அரண்மனையின் பரம்பரை வழக்கம். கட்டியக்காரன் பட்டப்பெயர்களை முழங்கிக்கொண்டு முன்னால் நடப்பான். குடைக்காரன் பின்னால் வருவான். ஊர்வலம் கழிப்பறை வாசல்வரை போகும். சங்குச் சத்தம் கேட்டதும் கடைத்தெருவில், "ராஜாவுக்கு வந்துடுச்சுடோய்!" என்று சிரிப்பார்கள்.

அரண்மனை வைத்தியர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார்.

"குடலில் புண்ணில்லை, கட்டியில்லை. எல்லாம் சரியாகவே இருக்கிறது மன்னா."

"அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?" என்று ராஜா சீறினார்.

படைத்தலைவர் ரணபாகு இதற்குத்தான் காத்திருந்தார். அவருடைய மைத்துனனுக்கு அரண்மனைச் சமையற்கட்டின் மேல் நெடுநாளாக ஒரு கண்.

"வைத்தியருக்கே தெரியவில்லை என்றால் அது விஷம்தான் மன்னா! தலைமைச் சமையல்காரன் அம்பலவாணனைப் பிடியுங்கள்!"

அம்பலவாணன் தடாலென்று காலில் விழுந்தான். "சாமி, நான் பிள்ளைகுட்டிக்காரன். உப்பு கூடிப்போனதுக்குத் திட்டு வாங்கியிருக்கேன். வேற ஒரு பாவமும் அறியேன்!"

ராஜா கேட்கும் நிலையில் இல்லை. வயிறு அப்போதும் முறுக்கிக்கொண்டிருந்தது. "நாளை ஏகாதசி. மறுநாள் காலை நான் விரதம் முடிப்பதற்குள் இவன் தலை உருள வேண்டும்!"

அந்தச் சபையில் வாயால் பிழைத்துக்கொண்டிருந்தவன் விகடகவி தாண்டவராயன். அவன் எழுந்து கும்பிட்டான். "மன்னா, அவசரப்படாதீர்கள். அம்பலவாணன் குற்றவாளி இல்லை."

"அப்படியா? அப்படியானால் எனக்கு விஷம் வைப்பவனை நாளைப் பொழுது சாய்வதற்குள் என் கண்முன் நிறுத்து. இல்லாவிட்டால் அவன் தலையோடு உன் தலையும் போகும்!"

மறுநாள் ஏகாதசி. சபை கிடையாது. ராஜா ரணபாகுவோடு தோட்டத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். சங்குக்காரனும் மற்ற பரிவாரமும் பின்னால் வந்தார்கள். வயிறு அமைதியாக இருந்தது. அப்போது தாண்டவராயன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மன்னா! மருதநாட்டுத் தூதர் வந்துவிட்டார்! எல்லைக் கிராமத்தைக் கேட்கிறாராம். உடனே சபையைக் கூட்டச் சொல்கிறார். முகம் கடுகடுவென்று இருக்கிறது!"

ராஜாவின் கை வயிற்றுக்குப் போனது. "ஐயோ... ஆரம்பித்துவிட்டது!"

சங்கு ஊதியது. ஊர்வலம் போனது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது.

"பார்த்தாயா? விஷம்!" என்று ராஜா முனகினார்.

"பார்த்தேன் மன்னா. இன்று என்ன சாப்பிட்டீர்கள்?"

"ஏகாதசியன்று கேட்கிற கேள்வியா இது? பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை."

"அப்படியானால் அம்பலவாணன் விஷத்தை எதில் கலந்தான்?"

ராஜா ரணபாகுவைத் திரும்பிப் பார்த்தார். ரணபாகு குறுக்கே பாய்ந்தார். "நேற்று வைத்த விஷமாக இருக்கும்!"

"படைத்தலைவரே, நேற்று வைத்த விஷம் இன்று தூதர் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்ததா? போன மாதம் வேட்டைக்காட்டில் இதே அம்பலவாணன் சமைத்ததை மன்னர் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டார். அங்கே ஒரு முணுமுணுப்பும் இல்லையே! இதற்கு மேல் ஒன்று சொல்லிவிடுகிறேன் மன்னா. தூதர் யாரும் வரவில்லை. நான் சொன்னது பொய்."

ராஜா வாளை உருவப் போனார். போனவர் நின்றார். வயிறு மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியானால்... என் வலியும் பொய்யா?" குரல் குழந்தையைப் போல இருந்தது.

தாண்டவராயனுக்கே மனசு கேட்கவில்லை. "வலி பொய்யில்லை மன்னா. விஷம்தான் பொய். வைத்தியர் சொன்னதுபோல் குடல் கெட்டுப்போகவில்லை. அது தொட்டாற்சிணுங்கிக் குடல். கவலை தொட்டாலும் சுருங்கும். சபைக்குப் பயந்து காலையில் பட்டினி கிடக்கிறீர்கள். பிறகு இரண்டு வேளைக்கும் சேர்த்து மொச்சைக் குழம்பும் பால்பாயசமுமாக வெளுத்துக்கட்டுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எழுந்தால் சங்கு ஊதுவார்களே என்ற பயம். அந்தப் பயமே உங்களை எழுப்பிவிடுகிறது. விஷம் வைப்பவனைக் காட்டச் சொன்னீர்களே, அதோ நிற்கிறான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்குக்காரன் சட்டென்று சங்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

அம்பலவாணன் தலை தப்பியது. அன்றிலிருந்து ராஜாவுக்கு வேளாவேளைக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். மொச்சையும் பாலும் மாட்டிக்கொண்டன. மாலையில் ஒரு நடை. சங்குக்குக் கோயில் வேலை கொடுத்தாயிற்று. அரியணைக்குப் பின்னால் திரை போட்டு ஒரு சின்னக் கதவும் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், சத்தமில்லாமல் போய்வரலாம். வயிறு அடியோடு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அவ்வப்போது உறுமும். ஆனால் ராஜா இப்போது பதறுவதில்லை. பதறாததால் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

அப்புறம் ஒருநாள் மருதநாட்டுத் தூதர் எல்லைக் கிராமத்தைக் கேட்டு நிஜமாகவே வந்தார். சபை நீண்டது. ராஜா அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரைதான் ஓயாமல் அசைந்தது. முதலில் ரணபாகு போனார். பிறகு மந்திரிகள் வரிசையாகப் போனார்கள். கடைசியில் தூதரே போனார். கடுகடுத்த முகத்தோடு போனவர் தெளிந்த முகத்தோடு திரும்பினார். எல்லைக் கிராமத்தையும் விட்டுக்கொடுத்தார்.

சபை கலைந்ததும் ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார்.

"எனக்காக வைத்த கதவடா இது! நான் இன்று ஒருமுறைகூட நுழையவில்லை. ரணபாகு போய்ப் போய் வருகிறாரே!"

"மன்னா, கதவு இருக்கிறது என்ற நினைப்பே உங்கள் வயிற்றுக்குப் போதும்" என்றான் தாண்டவராயன். "கதவு எங்களுக்கு. ராஜா எழாமல் யாரும் எழக்கூடாது என்று உங்கள் பாட்டனார் போட்ட சட்டத்தால், இத்தனை காலமும் நீங்கள் எப்போது ஓடுவீர்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் காத்துக்கிடந்தோம்!"