வீகன் வீடான கதை

இரவல் கேட்டாலும் ஒரு சிட்டிகை மூளை கிடைக்காத ஊர் ஒன்று கொங்கு நாட்டில் இருந்தது. அந்த ஊர்ச் செங்கோடனுக்கு முப்பத்து மூன்று வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண் கோகிலவாணியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவன் தூக்கத்திலும் சிரித்தான்.

பெண் வீட்டார் வீகன். அதனால் மாப்பிள்ளை வீடும் பால், தயிர், முட்டை, கறி எல்லாவற்றையும் தலைமுழுகியது. ஒரு மாதம் கீரையும் கொள்ளும் தின்று வயிறு உப்பிய செங்கோடன், தாங்களும் வீகன் ஆகிவிட்டதாகப் பெண்ணின் அப்பா தெய்வசிகாமணிக்குப் பெருமையாகப் போன் போட்டான்.

"சாப்பாட்டுல மட்டும் விட்டா அது பத்தியமுங்க மாப்ள" என்றார் அவர். "கட்டறது, மாட்டறது, வேலை வாங்கறது, எதுலயும் வாயில்லா ஜீவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அதுதான் வீகன். ஞாயித்துக்கெழமை வீடு பாக்க வர்றோம். மிருகத்துகிட்ட இருந்து வந்தது ஒண்ணுகூட வீட்டுல இருக்கக் கூடாதுங்க."

செங்கோடன் போனை வைத்த கையோடு வீட்டாரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னான். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி யார் பெண் கொடுப்பார்கள்? அண்ணன் குப்பணனும் சித்தப்பா அவிநாசியும் உடனே களத்தில் இறங்கினார்கள். தோல் செருப்பு, பட்டு வேட்டி, கம்பளி, தேன் பாட்டில் எல்லாம் வெளியே போயின. வீட்டு நாய் காவல் காப்பதும் வேலைதானே என்று சித்தப்பா கேட்டார். ஆகவே நாயைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அவரே வாசலில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டைக் கடைசியாக ஒருமுறை சோதித்த குப்பணன், தம்பியை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ எப்ப வரைக்கும்டா பால் குடிச்ச?"

"போன மாசம் வரைக்கும்ணா."

"முட்டை?"

"வாரத்துக்கு நாலு."

சித்தப்பா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "எலும்பு முச்சூடும் எருமைப்பாலு. தொப்பை பூராவும் முட்டை. மிருகத்துகிட்ட இருந்து வந்ததுல இந்த வீட்லயே பெரிய சாமான் இவன்தான்."

செங்கோடன் இடிந்துபோனான். தொப்பையைத் தடவிப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டான். மற்ற இருவரும் குடித்த பால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிறன்று பெண் வீட்டாரை பஸ் நிறுத்தத்திலிருந்து குப்பணனே வண்டியிழுத்துக் கூட்டி வந்தான். மாடுகள் பின்னால் சும்மா நடந்து வந்தன. வாசலில் சித்தப்பா இரண்டு தரம் முறையாகக் குரைத்துவிட்டு, வாங்க என்று வழிவிட்டார்.

கட்டிலில் குறட்டை விட்ட நாயைப் பார்த்து கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்த தெய்வசிகாமணிக்கு மனசு நிறைந்துவிட்டது. இதைவிட நல்ல இடம் தன் மகளுக்கு அமையாது என்று சொல்லி, மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

குப்பணன் கையைக் கட்டிக்கொண்டான். "அவனைக் காலையிலேயே வெளிய போட்டுட்டமுங்க."

எல்லாரும் பின்கட்டுக்கு ஓடினார்கள். களத்தில் காயப்போட்ட மிளகாய்க்குப் பக்கத்தில், கோவணத்தோடு குப்புறப் படுத்திருந்தான் செங்கோடன். பெண்ணைப் பார்த்ததும் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டான்.

"பாலு வத்தறதுக்குத்தானுங்க மாமா காயறேன். முதுகுப்பக்கம் வத்திருச்சுங்க. தையில முகூர்த்தம் வெச்சீங்கன்னா அதுக்குள்ள தொப்பையும் காஞ்சிருமுங்க."