ஐந்தாம் வாசல்

அன்று காலையில் மலையடிவார மடத்துக்கு வந்த ஏகாம்பரம், படியேறாமல் வெளியிலேயே நின்றார். நாற்பதைக் கடந்த இல்லறத்தார்; குருவின் சீடர்களுள் வாதத்துக்குப் பெயர்போனவர்.

மகள் பூங்கோதைக்கு மணல்வாரி என்னும் தட்டம்மை என்றார். விடிந்ததும் மேனியெங்கும் தடிப்பைக் கண்டு, மருத்துவரிடம் காட்டி, வாசலில் வேப்பிலையும் செருகிவிட்டாராம்.

"இனி என் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். அம்மை என் வாசலோடு நின்றுவிடும் அல்லவா, குருவே?"

செவிலியர் பூங்கோதைக்கான தடுப்பூசியோடு மும்முறை சென்றதும், மும்முறையும் ஏகாம்பரம் அவரை வாசலிலேயே திருப்பியனுப்பியதும் குரு அறிந்தவையே. ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் போட்டாயிற்று, என் மகள் ஒருத்திக்குப் போடாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று ஏகாம்பரம் முன்பொரு நாள் இங்கேயே வாதிட்டிருக்கிறார்.

"தடிப்புக்கு முன் எத்தனை நாள் காய்ச்சல்?"

"நான்கு நாள். சளி என்றே எண்ணினோம்."

"அந்த நான்கு நாளில் எத்தனை வீட்டுக்குப் போனாள்?"

ஏகாம்பரம் விரல்விட்டு எண்ணினார். ஐந்து.

குரு வேம்பில் ஐந்து கொத்து ஒடித்து நீட்டினார். "தடிப்புக்கு முன்பே பரவும் நோய் இது. அந்த வாசல்களிலும் கட்டிவிட்டு வா."

முதல் வாசலில் எண்ணெய்க் கடைச் சங்கிலி, "அம்மைக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஊரை அழைக்கக் கிளம்பிவிட்டீரோ?" என்று நகைத்தார். தம் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று, கவலையில்லை என்றார். அடுத்த மூன்று வீடுகளிலும் அதே பேச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஏகாம்பரத்தின் தலை சற்றே நிமிர்ந்தது.

ஐந்தாவது, தங்கை வடிவாம்பாளின் வீடு. அவள் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

"வா அண்ணா. முந்தாநாள் முழுக்க இவன் பூங்கோதை மடியை விட்டு இறங்கவே இல்லை, தெரியுமா?"

குழந்தை கை நீட்டி வேப்பிலையைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோயிற்று. பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை மீட்டார் ஏகாம்பரம். உண்மையைச் சொன்னார்.  வடிவாம்பாள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

ஒரு கொத்தோடு அவர் மடத்துக்குத் திரும்பினார்.

"ஊசிக்கு ஒன்பது மாதம் நிறைய வேண்டுமாம், குருவே. அவனுக்கு ஏழுதான். அந்த வாசலில் நான் எதைக் கட்டுவேன்?"

குரு அந்தக் கொத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"அந்த வாசலில் கட்ட வேண்டியது மூன்று முறை உன் வாசலுக்கு வந்தது, ஏகாம்பரம்."