தாளாளர் நட்ட மாங்கன்று

பக்கத்து வீட்டு மாரிக்கனி சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை.

அவள் படித்த பள்ளியில் தோட்டக்கலை வகுப்பு இருந்தது. பிள்ளைகள் ஒட்டுக்கட்டியதும் பதியம் போட்டதும் தழைத்து நின்றன. தாளாளர் தணிகாசலம் தம் கையால் நட்ட மாங்கன்று மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. அதற்கு வைத்த கல்வெட்டு அதைவிட உயரம். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு.

ஆண்டு விழாவில், பெற்றோர் முன்னால் தாளாளர் பொரிந்து தள்ளினார். “ஒரு மாசத்துல இது காய்க்கணும். இல்லேன்னா தோட்டத்தை அழிச்சிட்டு கார் ஷெட் கட்டிருவேன்.”

மாரிக்கனி எழுந்தாள். “காய்ச்சிரும் ஐயா. உங்க கை ராசியான கை. அதே கையால ஒருதரம் பிடுங்கி நட்டுக் கொடுங்க, போதும்.”

தாளாளர் உச்சி குளிர்ந்துபோனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். கன்று, நர்சரியில் வாங்கிய கறுப்பு பிளாஸ்டிக் பையோடு அப்படியே வந்தது. வேரெல்லாம் பைக்குள் சுருண்டிருந்தது.

“பையைக் கிழிக்காம நட்டா ராசி வெளியே வராதுங்க ஐயா,” என்றாள்.

“கார் ஷெட்டுக்கும் ஐயாதான் அஸ்திவாரம் போடுவாரா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். அதன்பிறகு கார் ஷெட் பேச்சே எழவில்லை.

எனக்கு இடித்தது ஒன்றுதான். போன வாரம் அதை மாரிக்கனியிடமே கேட்டேன்:

“ஏம்மா, முதல்ல அந்தக் கன்றைப் பையோட அவர் கையில எடுத்துக் கொடுத்தது யாரு?”