மூட்டைக்குள் ஒரு முள்

பார்க்காமலேயே பாதம் பதித்தீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பெரிய இருக்கையில் உட்கார்ந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தீர்களே, நீங்கள்தான். திரும்பிப் பார்க்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் பயப்படாதீர்கள். கோபம் அவர் மேல். கதை உங்களுக்கு.

ஒரு காட்டில், நான்கு பாறைகளுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. மூலிகை வைத்தியமும், கூடு கட்டும் கலையும், மேகம் பார்த்து மழை சொல்வதும் அங்கே பாடம். சேர வருகிற ஒவ்வொரு மாணவரும் வருடத்துக்கு ஒரு மூட்டை சாமை கொண்டுவர வேண்டும்.

மழைக்காலம் மூன்று மாதம். ஆறு நிறைந்துவிட்டால் வழி அடைபட்டுப் போகும். யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த மூன்று மாதமும் அந்தச் சாமைக் கஞ்சிதான் மாணவர்களுக்கு உயிர். அதற்காகக் கிழக்கே ஒன்று, நடுவே ஒன்று, மேற்கே ஒன்று என்று மூன்று களஞ்சியங்கள். ஒவ்வொன்றிலும் நூறு மூட்டை. மாதம் ஒரு களஞ்சியம் என்று கணக்கு.

சாவி, நிதி அலுவலர் பெருச்சாளியிடம் இருந்தது. மூட்டை தூக்குகிற வேலை அதன் மச்சான்களுக்கு. பெருச்சாளி ஒழுங்காக வைத்திருக்கிறதா என்று பார்ப்பது தணிக்கைக் குழுவின் வேலை. குழுவின் தலைவர் கரடி. அதற்குச் சாப்பாடு என்றால் மற்றதெல்லாம் மறந்துபோகும். உறுப்பினர் எருமை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டும். மூன்றாவது இடம் ஆறு வருடமாகக் காலி.

போன வருடமும் மூன்று களஞ்சியங்களும் நிறைந்திருப்பதாகக் குழு எழுதிக் கொடுத்தது. மழை பிடித்த முப்பதாம் நாள் சமையலறையில் அடுப்பு அணைந்தது.

"மிச்சமெல்லாம் பூசணம் பிடித்துப் போயிற்று. நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தது பெருச்சாளி.

பசி தாங்காமல் ஒரு முயல் வீட்டுக்குப் புறப்பட்டது. அது ஆற்றைக் கடக்கவில்லை.

அந்த முயலோடு ஒரே அறையில் தங்கியிருந்தது ஒரு சருகுமான். ஆட்டுக்குட்டியை விடச் சின்ன உடம்பு. வெள்ளம் வடிந்ததும், அது போய் ஆட்சிக் குழுவின் வாசலில் உட்கார்ந்துகொண்டது.

"தணிக்கைக் குழுவில் வெளியாள் ஒருவரைப் போடுங்கள். போடும்வரை எழுந்திருக்க மாட்டேன்."

ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. பத்தாம் நாள் ஆட்சிக் குழு இறங்கி வந்தது. யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது பெருச்சாளியே முந்திக்கொண்டது.

"சந்தையில் தானியம் வாங்கி விற்கிற முள்ளம்பன்றி இருக்கிறாளே, அவளைப் போடுங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். நாலு ஏட்டைப் பிரித்துக் காட்டினால் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுவாள்."

அங்கேதான் பெருச்சாளி தப்பு செய்தது.

மழைக்கு எட்டு நாள் இருக்கும்போது தணிக்கை தொடங்கியது. முதலில் கிழக்குக் களஞ்சியம். பெருச்சாளி கதவைத் திறந்து ஏட்டை நீட்டியது.

"ஏடு இருக்கட்டும். மூட்டையைக் காட்டுங்கள்," என்றது முள்ளம்பன்றி.

கரடியும் எருமையும் எப்போதும் போல வாசலிலேயே நின்றன. முள்ளம்பன்றி மட்டும் உள்ளே போய், மூட்டைகளை ஒன்று விடாமல் எண்ணியது. நூறு. பிறகு முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, ஒரு மூட்டையின் வயிற்றில் குத்தி, நாலு மணியை வெளியே எடுத்துக் கடித்துப் பார்த்தது. மூட்டையின் வாயில் நல்லதை வைத்து நடுவில் உமியை நிரப்புகிறவர்கள் சந்தையில் உண்டு. நடு மூட்டையைக் குத்தித்தான் விலை பேச வேண்டும்.

"எப்படி அம்மா? தங்கம் இல்லையா?" என்று இளித்தது பெருச்சாளி.

"தங்கம்தான்," என்ற முள்ளம்பன்றி, அந்த முள்ளை மூட்டைக்குள்ளேயே ஒடித்துவிட்டது. அதுவும் சந்தைப் பழக்கம். விலை பேசி முடித்த மூட்டையை, முதுகு திரும்பியதும் மாற்றிவிடுகிறவர்களிடம் ஏழெட்டுத் தடவை ஏமாந்து, அழுது, பிறகு கற்றுக்கொண்டது. அடையாளம் வைக்காமல் அது எந்த மூட்டையையும் விட்டு நகராது.

"வெயில் ஏறிவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நடுக் களஞ்சியத்துக்குப் போகலாமே," என்றது பெருச்சாளி.

ஒரு வாயா அது? ஆலமர நிழலில் தேனடை, பலாச்சுளை, இலுப்பைப் பூ, கரும்பு. கரடி உட்கார்ந்ததும் எழுந்திருக்கும் எண்ணமே இல்லை. எருமை அசைபோட்டது. பெருச்சாளி செம்மண் குழம்பையும் மூன்று ஓலைகளையும் கொண்டுவந்து வைத்தது.

கரடி பாதத்தைக் குழம்பில் நனைத்து, தப், தப், தப் என்று மூன்று ஓலையிலும் பதித்தது. எருமையும் குளம்பைப் பதித்தது.

"தலைவரே, இன்னும் இரண்டு களஞ்சியத்தைப் பார்க்கவே இல்லையே! பார்க்காததுக்கு எதற்குப் பாதம்?" என்றது முள்ளம்பன்றி.

"வருடா வருடம் இப்படித்தான் அம்மா. முதலில் பாதம், பிறகு வாசலில் நின்று ஒரு பார்வை. நேரம் மிச்சம்," என்றது கரடி. "பலாச்சுளை எடுத்துக்கொள்."

"எனக்கு வேண்டாம். நான் காசு கொடுத்துத் தின்றுதான் பழக்கம்."

வெயில் சாயும் நேரத்தில் நடுக் களஞ்சியத்துக்குப் போனார்கள். அங்கேயும் நூறு மூட்டை, வரிசை பிசகாமல். முள்ளம்பன்றி ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே நடந்தது. ஐந்தாவது வரிசையில் நின்றது.

"இதைக் கொட்டுங்கள்."

"கொட்டுவதா!" பெருச்சாளியின் மீசை துடித்தது. "மூட்டையைக் கொட்டும் வழக்கம் இங்கே கிடையாது."

"கொட்டுங்கள் என்றேன். ஒரு மணி குறைந்தாலும் நான் ஒரு மூட்டை தருகிறேன்."

பெருச்சாளி அசையவில்லை. முள்ளம்பன்றி தானே முடிச்சை அவிழ்த்து மூட்டையைச் சாய்த்தது. சாமை சரசரவென்று கொட்டியது. அதன் நடுவிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் விழுந்தது.

"இது யாருடையது, அலுவலரே? காலையில் கிழக்கே ஒடித்து வைத்த முள். என் வாசனை எனக்குத் தெரியாதா? மூட்டைக்குக் கால் முளைத்ததா, இல்லை உம்முடைய மச்சான்களுக்கா?"

"முள்... முள் எங்கேயாவது விழுவதுதானே அம்மா."

"சரி, வாருங்கள். கிழக்கே போய்ப் பார்ப்போம்."

"பார்த்த இடத்தை மறுபடி பார்க்கும் வழக்கம்..."

"அட, வழக்கத்தைக் கொண்டுபோய் ஆற்றில் போடும்!" என்று சிலிர்த்துக்கொண்டது முள்ளம்பன்றி. அத்தனை முள்ளும் நிமிர்ந்து நின்றன. பெருச்சாளி வழிவிட்டது.

கிழக்குக் களஞ்சியத்தில் ஒரு மூட்டைகூட இல்லை. தரையில் ஒரு பெரிய வளை வாயைப் பிளந்து கிடந்தது. மேற்கே ஓடிப் பார்த்தார்கள். அங்கேயும் வெறும் தரை, இன்னொரு வளை. இருந்ததே நூறு மூட்டைதான். விருந்து நடக்கிற நேரத்தில், அதே நூறு மூட்டை வளை வழியாக ஒரு களஞ்சியத்திலிருந்து அடுத்ததுக்குப் போயிருக்கிறது. வருடா வருடம் போயிருக்கிறது.

கரடி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தது. "இதோ பார் அம்மா. வெளியே தெரிந்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டுவிடும். 'சிறு குறைகள் உண்டு' என்று எழுதிவிடலாம்."

எருமை தலையாட்டியது.

"இருநூறு மூட்டை உமக்குச் சிறு குறையா?" என்று முள்ளம்பன்றி கத்திய கத்தலில் மாணவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்தச் சருகுமான்.

அது காலிக் களஞ்சியத்தைப் பார்த்தது. செம்மண் பாதம் பதித்த ஓலையைப் பார்த்தது. அது கத்தவில்லை.

"ஐயா, போன வருடம் இதே பாதம் இருந்தது. மூன்று மாதத்துக்குக் கஞ்சி உண்டு என்று என் தோழி நம்பினாள். ஒரு மாதத்துக்குத்தான் என்று தெரிந்திருந்தால், ஆறு நிறையும் முன்பே வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் பெருச்சாளியை நம்பவில்லை ஐயா. உங்களைத்தான் நம்பினாள்."

கரடி தன் பாதத்தைப் பார்த்தது. செம்மண் இன்னும் போகவில்லை.

பிறகு மூன்று ஓலைகளையும் எடுத்துத் தானே கிழித்துப் போட்டது. குனிந்து, வளையின் வாயில் நகத்தை வைத்துத் தோண்டத் தொடங்கியது. ஆறு வருடமாகப் பலாச்சுளை மட்டுமே பிய்த்த நகங்கள்! மண் பறந்தது. வளைக்குள் அறை அறையாகச் சாமை. எடுக்க எடுக்க வந்தது. பெருச்சாளியும் மச்சான்களும் மறுபக்கம் வழியாக ஓடப் பார்த்தார்கள். மாணவர்கள் பிடித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, காட்டை விட்டே விரட்டினார்கள்.

எண்ணிப் பார்த்தபோது நூற்றறுபது மூட்டைதான் கிடைத்தது. நாற்பது குறைந்தது.

"அந்த நாற்பது, விருந்து தின்றவர்கள் கணக்கு," என்றது முள்ளம்பன்றி.

"பத்து மூட்டை தருகிறேன் அம்மா," என்றது கரடி.

"நாற்பது."

"இருபது? என் வீட்டிலும் மழைக்கு..."

"நாற்பது."

"என்ன அம்மா, சந்தைக்காரி கொஞ்சமாவது இறங்க வேண்டாமா? பேரம் என்றால்..."

"பேரம் என்றால் இறங்குவேன். இது பேரம் இல்லை."

கரடி எருமையைப் பார்த்தது. "ஆளுக்கு இருபதா?"

எருமை தலையாட்டியது. அதன் ஆயுளில் அந்தத் தலையாட்டலுக்குத்தான் ஒரு பயன் இருந்தது.

எட்டாம் நாள் மழை பிடித்தது. முப்பதாம் நாள் அடுப்பு எரிந்தது. அறுபதாம் நாளும் எரிந்தது. தொண்ணூறாம் நாள் காலையில் சருகுமான் கடைசிப் பாத்திரக் கஞ்சியைக் குடித்துவிட்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்டீர்களா, பெரியவரே? கரடிகூடக் குனிந்து தோண்டியது. நீங்கள் பாதம் பதித்த ஓலை இன்னும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுங்கள். எல்லோரும் பார்க்கக் கிழியுங்கள். களஞ்சியத்துக்குள் போய் மூட்டையை நீங்களே குத்திப் பாருங்கள். குறைந்ததை நிரப்புங்கள். மேகம் கறுத்துவிட்டது. எழுந்திருங்கள்!

நீதி: பார்க்காமல் "சரி" என்று எழுதிக் கொடுத்தவரும் திருட்டில் பங்காளியே; தப்பாகப் பதித்த பாதத்தை அவரே அழித்து, போனதை அவரே மீட்டுத் தர வேண்டும்.