சன்னதி வாசலில் தண்ணீர்த் தொட்டி

“‘கல்லைக்கூடக் கடிச்சிடலாம், நீ ஆக்குற சோத்தைக் கடிக்க முடியாது’ன்னா சொன்னீங்க? அப்போ கல்லையே தின்னுட்டுக் கடலுக்குப் போங்க!”

அந்தக் காலத்தில், நரிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய ஜப்பான் நாட்டில், ஒரு கடலோர ஊரில், தோகு தன் கணவன் யசுகேயிடம் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள். அவனும் சளைத்தவனில்லை. படகில் ஏறும்வரை பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே போனான்.

படகு மறைந்ததும் மேற்கே வானம் கறுத்தது. சண்டை சண்டைதான், அதற்காகப் புருஷன் வேண்டாம் என்றாகிவிடுமா? தோகு குன்றின்மேல் இருந்த கோயிலுக்கு ஓடினாள். சிவப்பு மரவாசலில் காவலிருந்த வெள்ளை நரி வழிமறித்தது.

“கொஞ்சம் நில்லும்மா. மனசு ஆறினதும் உள்ளே போ. இந்தச் சாமிக்கு மனசைப் படிக்கத் தெரியாது. வாயில வர்றதை அப்படியே குடுத்துடும்.”

“கடல்ல காத்து அடிக்குது, உனக்கு வியாக்கியானம் கேக்குதா? தள்ளு!”

உள்ளே போய் அந்த நாட்டு வழக்கப்படி கைதட்டித் தலை குனிந்தாள். காலையிலிருந்து ஓடிய தடத்திலேயே நாக்கு ஓடியது. “சாமி, அந்த மனுஷன் வாய் ஒரேயடியா மூடணும்! ஆள் மட்டும் பத்திரமா வந்து சேரணும்!”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

சாமி இரண்டையும் கொடுத்தது. அன்று மாலையே யசுகே ஒரு கீறல் இல்லாமல் கரையேறினான். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை.

தோகு திரும்ப ஓடி நரியின் காலில் விழுந்தாள். “சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறேன்னு உள்ளே போய்ச் சொல்லேன்!”

“கொட்டினதை அள்ள முடியுமாம்மா?” நரியின் கண்ணும் கலங்கியிருந்தது. “நீ கெட்டவ இல்லே. காலைச் சண்டை உன் வாயிலேயே ஒட்டிக்கிட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.”

மறுநாள் தோகு மலையூற்றை மூங்கில் குழாயில் திருப்பி, வாசலில் ஒரு கல்தொட்டியில் விழச் செய்தாள். பக்கத்தில் ஓர் அகப்பையை வைத்தாள். “வீட்டுச் சண்டையை இங்கேயே துப்பிட்டு உள்ளே போங்க!” என்று வருகிறவர்களையெல்லாம் மறித்தாள். பூசாரியைக்கூட விடவில்லை.

அன்று முதல்தான் அந்த நாட்டில் சன்னதிக்குப் போகிறவர்கள் கையலம்பி, வாய் கொப்பளித்த பிறகே சாமி முன் நிற்கிறார்கள்.

ஊரார் வாயையெல்லாம் கழுவ வைத்துவிட்டு வீடு திரும்பிய தோகு, வலை பின்னிக்கொண்டிருந்த யசுகேயின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டுங்களேன்.”